ஒன்பதாம் பக்கத்து வரி

போன வாரம் ரெனாட்டா கூபியாக்கைச் சட்டக் கல்லூரி நூலகத்தில், ஒரு தீர்ப்புக்கும் ஒரு தடித்த சட்ட அகராதிக்கும் நடுவில் விட்டுவிட்டு வந்தோம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கும் அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஸ்வெட்டர் மட்டும் மாறியிருந்தது.

முப்பத்தாறு வயதில் முதலாம் ஆண்டு மாணவி. பன்னிரண்டு வருடம் பஃபலோவில் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, அழுகிறவர்களையும் கத்துகிறவர்களையும் சரியான மாடிக்கு அனுப்பி வைத்தவள். தனக்குப் படிக்கத் தெரியும் என்று ஆகஸ்ட் மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது நவம்பர். பத்துப் பக்கத் தீர்ப்பு ஒன்றைப் படிக்க நான்கு மணி நேரம் ஆகிறது. படித்து முடித்தாலும் யார் ஜெயித்தார்கள் என்பதே விளங்குவதில்லை. ஒரு வாக்கியம் முக்கால் பக்கத்துக்கு ஓடுகிறது. அதன் நடுவே ஏழு வழக்குகளின் பெயர்கள். அடிக்குறிப்பில் இன்னொரு வழக்கு பதுங்கியிருக்கிறது. முக்கியமான இடத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போடச் சொல்கிறார்கள். அவள் போட ஆரம்பித்தால் பக்கமே மஞ்சளாகிவிடுகிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோ அதே தீர்ப்பைத் துணுக்குப் படிப்பதுபோலப் புரட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஒரே ஒரு வழக்கு மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. மார்ச்செட்டி எதிர் டோன். அதில் ஒரு வரி அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு மட்டுமல்ல, அவள் அப்பாவுக்கும்.

அப்பா கசிமிர், வயது எழுபத்தொன்று. கிளிண்டன் தெருவில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறார். கொல்லையில் அவரே பலகை அறுத்துக் கட்டிய புறாக்கூண்டு. அதில் முப்பத்தொரு பந்தயப் புறாக்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரி ஹலீனா அம்மாள் அவற்றைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏப்ரலில் அவர் காலமானார். அவருடைய அண்ணன் மகன் வீட்டை க்ராடக் என்பவருக்கு விற்றான்.

க்ராடக் எழுதிய முதல் கடிதமே, வாடகை ஒப்பந்தப்படி இங்கே பறவைகளோ விலங்குகளோ கூடாது என்றுதான் ஆரம்பித்தது. ஒன்று புறாக்கள் போக வேண்டும், இல்லையென்றால் கசிமிர் போக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் க்ராடக்கின் வக்கீல் ஒரு சமாதான யோசனை அனுப்பினார். அடுத்த மே மாதக் கடைசிக்குள் புறாக்களை அகற்றிவிட்டால், கசிமிர் அங்கேயே இருக்கலாம், வழக்கு வேண்டாம்.

“கையெழுத்துப் போடாதீங்கப்பா. சட்டம் நம்ம பக்கம் இருக்கு” என்று சொன்னவள் ரெனாட்டா.

இன்று மதியம் இரண்டு மணிக்கு விசாரணை.

*

சட்ட ஆராய்ச்சி வகுப்பு ஒன்பதரைக்கு. பேராசிரியை எல்லிங்வுட் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மாணவர்கள் பயந்ததே அதற்குத்தான். இன்று ஒவ்வொருவரும் தாங்களே தேடிப் பிடித்த ஒரு வழக்கைச் சுருக்கிச் சொல்ல வேண்டும்.

“மிஸ் கூபியாக். உங்க வழக்கு?”

மூன்று மாதத்தில் முதல் முறையாக ரெனாட்டா பயமில்லாமல் எழுந்தாள்.

“மார்ச்செட்டி எதிர் டோன். குடியிருந்தவர் ஒன்பது வருஷம் நாய் வளர்த்தார். ஒப்பந்தத்துல நாய் கூடாதுன்னு இருந்தது. வீட்டுக்காரருக்கு அது தெரியும், ஆனா ஒண்ணும் சொல்லல. பத்தாவது வருஷம் திடீர்னு காலி பண்ணச் சொன்னார்.”

“கோர்ட் என்ன சொல்லிச்சு?”

“குடியிருந்தவர் பக்கம் சொல்லிச்சு.” ரெனாட்டா தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். “‘ஒன்பது வருடம் குரைப்புச் சத்தத்தின் நடுவே நிம்மதியாகத் தூங்கியவர், பத்தாவது வருடம் தனக்குக் காது இருப்பதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.’”

வகுப்பு சிரித்தது. எல்லிங்வுட் அம்மையாரும் லேசாகச் சிரித்தார்.

“அழகான வரி. எந்தப் பக்கம்?”

“ஒன்பது.”

“எட்டாம் பக்கம் வச்சிருக்கீங்களா?”

“இல்ல... தேடினப்போ கம்ப்யூட்டர் நேரா இந்த வரிக்குத்தான் கொண்டுபோச்சு. ஒன்பதாம் பக்கத்தை மட்டும் அச்செடுத்தேன்.”

“சரி, திரையில போடறேன். இந்த வரியை எழுதினது யாரு?”

“கோர்ட்.”

“கோர்ட்னா எத்தனை பேரு?”

எல்லிங்வுட் திரையை மெல்ல மேலே நகர்த்தினார். எட்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது. நீதிபதி ஹார்ட்வெல், மாறுபட்டு.

“அஞ்சு நீதிபதிங்க. நாலு பேர் குடியிருந்தவரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க வரியை எழுதினவர் அஞ்சாவது ஆளு. அவர் சொன்னது சட்டம் இல்ல, மிஸ் கூபியாக். அவரோட வருத்தம்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“இது நிறைய பேர் பண்ற தப்பு” என்றார் எல்லிங்வுட். “ஜெயிச்ச பக்கம் வளவளன்னு எழுதிட்டுப் போயிடும். அதுக்கு யாரையும் மயக்க வேண்டிய அவசியமில்லை. தோத்தவர்தான் வார்த்தையைச் செதுக்குவார். அதனால கண்ணு அங்கதான் போகும். வகுப்புல பண்ணிட்டீங்க, பரவாயில்ல. கோர்ட்ல போய்ப் பண்ணியிருந்தா...”

மீதியை ரெனாட்டா கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி பத்து நிமிடம்.

*

அப்பாவிடம் கைபேசி கிடையாது. வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. தம்பி லியோனைக் கூப்பிட்டாள். அவன் நகராட்சிக்குப் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். அப்பாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக இன்று லீவு போட்டிருந்தான்.

“சொல்லுங்க வக்கீலம்மா.” வாய் நிறைய சாண்ட்விச்.

“டேய், அப்பா எங்க?”

“கூண்டுல. கோட்டு சூட்டோட. புறாவுங்க முன்னாடி நின்னு வாதாடிக்கிட்டிருக்கார். டச்சஸ் மட்டும் இன்னும் தீர்ப்பு சொல்லல.”

டச்சஸ், அப்பாவின் செல்லப் பெட்டை. ஐந்நூறு மைல் பறந்து வந்தவள்.

“லியோன், விளையாடாத. அந்தக் குரைப்பு வரியைச் சொல்ல வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. அது தப்பான ஆளு எழுதினது.”

மெல்லும் சத்தம் நின்றது. “தப்பான ஆளுன்னா? ஜட்ஜ் இல்லையா?”

“ஜட்ஜ்தான். ஆனா தோத்த ஜட்ஜ்.”

“ஜட்ஜுல தோத்த ஜட்ஜ் வேற இருக்காங்களா? ஏன்க்கா, உங்க காலேஜ்ல எதையும் நேரா சொல்லவே மாட்டாங்களா?”

“அப்பாகிட்ட சொல்றியா, மாட்டியா?”

“மாட்டேன். மூணு வாரமா அந்த மனுஷன் தெருவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கறார். புறா கிளப்புல எல்லாருக்கும் அந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கார். நீ ஏத்தி விட்டது. நீயே வந்து இறக்கு.”

வைத்துவிட்டான்.

ரெனாட்டா நூலகத்துக்குத் திரும்பிப் பதினொரு பக்கத்தையும் அச்செடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நாய் காணாமல் போய், வேறு யாரோ ஒருவரின் நிலத் தகராறு வந்தது. ஐந்தாம் பக்கத்தில் நாய் திரும்பி வந்தது. எட்டாம் பக்கத்தில் மார்ச்செட்டி தோற்றார். ஏன் தோற்றார் என்று அவளால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. மறுபடி படித்தாள். மறுபடியும் முடியவில்லை. மஞ்சள் பேனாவைத் தூக்கி அடித்தாள். அது ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் காபியில் போய் விழுந்தது.

“மன்னிச்சுக்கப்பா.”

“பரவாயில்ல மேடம்” என்றது பிள்ளை. அந்த ‘மேடம்’ அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினாள். ஏரிப் பக்கமிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. இருபது நிமிடப் பாதைக்கு ஐம்பது நிமிடம் ஆனது. வழியெல்லாம் லியோன் இரண்டு வருடமாகச் சொல்லிவரும் வாசகம் காதில் ஓடியது. “அப்பா, என் வீட்டுக்கு வந்துடுங்க. போன குளிர்காலம் கூண்டுப் படியில வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டது போதாதா? என் கொல்லையில இடமா இல்ல? புறாவையும் கொண்டு வாங்க.”

அப்பாவின் பதிலும் மாறாதது. “அதுங்க பந்தயப் புறாடா. எங்க கொண்டு விட்டாலும் கிளிண்டன் தெருவுக்குத்தான் திரும்பும். உன் வீட்டுல வச்சா சாகற வரைக்கும் பூட்டித்தான் வைக்கணும். பூட்டி வைக்கவா வளர்த்தேன்?”

*

கோர்ட்டு மூன்றாம் மாடி நடைவழியில் ஈரக் கோட்டுகளின் வாடை. கசிமிர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்ட பழுப்பு நிறக் கோட்டு. கையில் ஒரு அட்டை. அதில் பெரிய பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி.

“வந்துட்டியா! நீ வராம நான் வாயைத் திறக்க மாட்டேன்னு இவன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்” என்றார்.

லியோன் ஜன்னலில் சாய்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

ரெனாட்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துபோயிற்று.

“அப்பா, அந்த வரியைச் சொல்லக் கூடாது. அது சட்டம் இல்ல. நான் தப்பா படிச்சுட்டேன். மார்ச்செட்டி தோத்துட்டார்.”

“யாரு மார்ச்செட்டி?”

“நாய் வச்சிருந்தவர்.”

“அவர் ஜெயிச்சார்னு சொன்னியே.”

“நான் ஒரு பக்கம்தான் படிச்சேன். அதை எழுதின ஜட்ஜ் ஒருத்தர்தான் அவர் பக்கம். மத்த நாலு பேர் எதிர்ப்பக்கம்.”

கசிமிர் அட்டையைப் பார்த்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“இவ்வளவு நல்லா எழுதியிருக்காரே” என்றார்.

“ஆமாப்பா.”

“அந்தச் சமாதானக் கடுதாசி பின்னாடி நான் பந்தய நேரம் எழுதி வச்சுட்டேன், தெரியுமா? நீ வேணாம்னு சொன்ன அன்னிக்கே. வெறும் காகிதம்தானேன்னு.”

“அப்பா...”

“ஆஸ்பத்திரியில பன்னெண்டு வருஷம் இருந்தியே. யாரையாவது தப்பான வார்டுக்கு அனுப்பியிருக்கியா?”

“இல்ல.”

“அப்ப அங்கேயே இருந்திருக்கலாம்.”

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. பெஞ்சின் மறுகோடியில் இருந்த அம்மாள்கூட அதைக் கேட்டிருக்க மாட்டாள். ரெனாட்டாவுக்கு முகம் முழுக்கச் சூடேறியது.

அவள் எழுந்தாள். க்ராடக்கின் வக்கீல் சாம்பல் நிறக் கோட்டில், ஒரு கட்டுக் கோப்புகளோடு சுவரோரம் நின்றிருந்தார்.

“சார், கூபியாக் வழக்கு. நீங்க அனுப்பின யோசனை இன்னும்...”

“நீங்க அவருக்கு வக்கீலா?”

“இல்ல. மக. சட்டம் படிக்கறேன். முதல் வருஷம்.”

“அப்ப அவருக்காக நீங்க பேரம் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. இதை இந்த வருஷமே சொல்லிக் கொடுப்பாங்க.” கொஞ்சம் இரக்கப்பட்டவர் போலச் சேர்த்துக்கொண்டார். “அந்த யோசனைக்குப் போன வெள்ளிக்கிழமையோட கெடு முடிஞ்சுதும்மா. கடிதத்துலயே தேதி இருந்ததே. படிக்கலையா?”

திரும்பி வந்தபோது லியோன் அப்பாவிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

“விடுங்கப்பா. காலி பண்றேன்னு சொல்லிடுங்க. கீழ் அறைக்கு நான் பெயின்ட் அடிச்சே வச்சிருக்கேன்.”

“நீ சும்மா இரு. ஒருத்தி சட்டம் தெரியாம சொன்னா, நீ புறா தெரியாம சொல்ற.”

*

நடைவழிக் கோடியில் ஒரு மடக்கு மேஜை. அதன் மேல் ‘இலவச சட்ட உதவி’ என்று ஒரு பலகை. பின்னால் விரல் நுனி இல்லாத கையுறையும், வாயில் இருமல் மிட்டாயுமாக ஒரு பெண். பெயர் யான்ஸி. இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது.

“ஒரு ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம். சொல்லுங்க” என்றாள்.

ரெனாட்டா சொன்னாள். வரியை, வகுப்பை, நான்குக்கு ஒன்றை, எல்லாவற்றையும் சொன்னாள். யான்ஸி அனுதாபமாக ஒரு வார்த்தையும் பேசாமல் பதினொரு பக்கத்தையும் வாங்கிக்கொண்டாள். ஆரம்பத்திலிருந்து படிக்கவில்லை. நேரே எட்டாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்குப் போனாள். பிறகு இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். பிறகு ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ரெனாட்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “எப்படிங்க இப்படிப் படிக்கறீங்க?”

“முதல் வருஷம் நான் கழிப்பறையில போய் அழுவேன்” என்றாள் யான்ஸி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “மார்ச்செட்டி ஏன் தோத்தார்னு பாத்தீங்களா?”

“தோத்தார்னு பாத்தேன்.”

“ஏன்னு கேட்டேன். இங்க பாருங்க. அவர் ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருந்திருக்கு. வீட்டுக்காரர் கண்டும் காணாம இருந்தாலும், அதனால அவர் உரிமையை விட்டுக்கொடுத்ததா ஆகாதுன்னு. அந்த ஷரத்து இருந்ததாலதான் ஒன்பது வருஷ மௌனம் எடுபடல. நாலு ஜட்ஜும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. அந்த ஷரத்து இல்லாத ஒப்பந்தமா இருந்தா என்ன ஆகும்னு அவங்க சொல்லல. அப்ப உங்க அப்பாவுக்கு வழி இருக்கு.” அவள் கையை நீட்டினாள். “உங்க அப்பா ஒப்பந்தத்துல அந்த ஷரத்து இருக்கா?”

ரெனாட்டா பின்னால் வந்து நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே ஒரு வரியை மூன்று வாரம் படித்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

“வழக்கு மனுவோட ஒரு நகல் வந்திருக்குமே?”

கசிமிர் உள் பையிலிருந்து ஒரு கனத்த உறையை எடுத்தார். “இதுவா? ரெனி பாத்துக்கறேன்னு சொன்னா. அதனால பிரிக்கல.”

உறையின் வாய் ஒட்டியபடியே இருந்தது. யான்ஸி பிரித்தாள். மனு இரண்டு தாள். அதன் பின்னால், பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தட்டச்சு எழுத்தில், வாடகை ஒப்பந்தம். முதல் பக்கம். பதினொன்றாவது ஷரத்து, விலங்குகள், பறவைகள் கூடாது. இரண்டாம் பக்கம், பனி வாருவது, குப்பை. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் மூவரின் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

‘17. குடியிருப்பவர் செய்யும் எந்த மீறலையும் வீட்டுக்காரர் கண்டும் ஆட்சேபிக்காமல் இருந்தால், அது’

அவ்வளவுதான். கீழே நடுவில் சின்னதாக ஓர் எண். நான்கில் மூன்றாம் பக்கம்.

“நாலாவது எங்க?” என்றாள் ரெனாட்டா.

“இல்ல” என்றாள் யான்ஸி. உறையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு காகிதக் கிளிப் விழுந்தது. “மூணு பக்கத்தை வச்சே மனு போட்டிருக்காங்க. ‘அது விட்டுக்கொடுத்ததாக ஆகாது’ன்னும் முடியலாம். ‘அது சம்மதமாகவே கருதப்படும்’னும் முடியலாம். ரெண்டு மாதிரியும் நான் பாத்திருக்கேன்.”

“கூபியாக்!” என்று கோர்ட்டு ஊழியர் கதவிலிருந்து கூப்பிட்டார்.

*

உள்ளே ஏழு நிமிடம்தான். யான்ஸி இன்று ஒரு நாளைக்கு மட்டும் கசிமிருக்காக ஆஜராவதாகச் சொல்லி, மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“எதிர்த்தரப்பு, நாலாம் பக்கம் எங்க?”

சாம்பல் கோட்டுக்காரர் தன் கோப்பைப் புரட்டினார். முதல் முறையாக அவர் முகத்திலும் ஒரு மாணவனின் திருதிரு முழிப்பு. “பழைய வீட்டுக்காரம்மா பெட்டியில கிடைச்சது இவ்வளவுதான், யுவர் ஆனர்.”

“அரை வாக்கியத்தை வச்சு ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்பச் சொல்றீங்களா? மிஸ்டர் கூபியாக், நீங்க ஏதாவது சொல்லணுமா?”

கசிமிர் எழுந்தார். அட்டை இன்னும் கையில் இருந்தது. அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பின்வரிசையில் ரெனாட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்றதுக்கு ஒண்ணு வச்சிருந்தேன், யுவர் ஆனர். நல்லாவும் இருந்தது. அது உதவாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அடுத்த வியாழன் வரைக்கும் வாய்தா. ரெண்டு பேரும் தேடுங்க. நாலு பக்கமும் என் மேஜைக்கு வரணும். வரலேன்னா, இருக்கறதை வச்சு முடிவு பண்ணுவேன்.”

*

நடைவழியில் யான்ஸி அடுத்த ஆளிடம் போவதற்கு முன் கேட்டாள். “உங்க பிரதி இருக்கும்ல? ஒப்பந்தம் போட்டா ஆளுக்கு ஒண்ணு கொடுப்பாங்களே.”

“இருந்தது” என்றார் கசிமிர். “சமையலறை இழுப்பறையில, டச்சஸோட பந்தயச் சான்றிதழுக்குக் கீழ. பத்தொன்பது வருஷம் அங்கேயேதான் இருந்தது. க்ராடக் கடுதாசி வந்தப்ப தேடினேன். காணோம். வயசாகுது, எங்கேயோ வச்சுட்டேன்னு விட்டுட்டேன்.”

“நீங்க எதையும் எங்கேயோ வைக்கற ஆளு இல்லப்பா” என்றாள் ரெனாட்டா.

“நீ எதையும் அரைகுறையா படிக்கற ஆளு இல்லைன்னுதான் நானும் நினைச்சேன்.”

வலித்தது. ஆனால் அவள் அந்த வலியோடு நின்றுவிடவில்லை. காலையிலிருந்து ஒரே கேள்வி அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. இந்த வரியை எழுதியது யார்? இப்போது அவள் வேறொன்றைக் கவனித்தாள். காலையிலிருந்து ஓயாமல் வம்பு பேசிக்கொண்டிருந்த ஒருவன், மூன்றாம் பக்கம் வெளியே வந்த நிமிடத்திலிருந்து வாயே திறக்கவில்லை.

லியோன் தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டு நின்றான். பனி உருகிய தண்ணீர் அவன் பூட்சைச் சுற்றித் தேங்கியிருந்தது.

“லியோன்?”

அவன் அவளைப் பார்க்கவில்லை.

“அப்பா வீட்டு இழுப்பறையை யாரு சுத்தம் பண்ணினது? செப்டம்பர்ல, குழாய் ஒழுகினப்போ?”

“வண்டியில இருக்கு” என்றான் லியோன்.

“என்ன இருக்கு?” என்றார் கசிமிர்.

“ஒப்பந்தம். வண்டி டேஷ்போர்டு பெட்டியில. செப்டம்பர்லேருந்து அங்கதான் இருக்கு.”

கசிமிர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆளிடம் போகக் கிளம்பிய யான்ஸி அப்படியே நின்றாள்.

“நாலு பக்கமுமா?” என்றாள் ரெனாட்டா.

“நாலும்.”

“படிச்சியாடா?”

லியோன் கடைசியில் தலை நிமிர்ந்தான். அவன் பார்த்தது அக்காவை இல்லை, அப்பாவை.

“படிச்சேன்க்கா. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அதனாலதான் கொடுக்கல.”